பறவை வந்தால் நிறுத்தணும்

குளத்தங்கரை வாசகர் வட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான். யார் வாசித்துக்கொண்டிருந்தாலும் சரி, எந்த வரியில் இருந்தாலும் சரி, குளத்தில் ஒரு பறவை வந்து இறங்கினால் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். அது எழும்பிப் போகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. புத்தகத்தில் இருக்கிற பறவை எங்கேயும் ஓடிப்போகாது, இது போய்விடும் என்று சொல்லி அந்த விதியை வைத்தவள் டெல்சி.

விதி நல்ல விதிதான். ஆனால் புத்தகம் நகர வேண்டாமா? அவர்கள் எடுத்துக்கொண்டது, குளிர்நாட்டில் ஒரு சதுப்பு நிலத்தின் கரையில் தனியாகக் குடியிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி எழுதிய ஒரு சின்னப் புத்தகத்தின் தமிழாக்கம். இயற்கையைப் பற்றியும் அதைக் காப்பாற்றுவது பற்றியும் மட்டும்தான் வாசிப்பது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம், வீரநாச்சிகுளத்தில் மிச்ச நீர் வழிந்தோடும் மறுகால் பக்கத்துப் புன்னை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அரைப்பக்கம் தாண்டாது, நீர்க்காகம் வந்து இறங்கும். அது போனால் நீலக்கோழி. அதுவும் போனால், தாமரை இலைமேல் நீள வாலை வைத்துக்கொண்டு கோலம் போடுகிறவளைப் போலக் குனிந்து குனிந்து நடக்கும் இலைக்கோழி. ஒருநாள் தாணுலிங்கம் அண்ணாச்சி "அவள்" என்று தொடங்கிய வாக்கியத்தை, பிளாஸ்கில் இருந்த டீ தீர்ந்த பிறகுதான் "சொன்னாள்" என்று முடித்தார்.

"இப்பிடிப் போனா இந்த புக்கு எனக்க பதினாறு அடியந்திரத்துக்குத்தான் முடியும்," என்றார் அவர். தன் கருமாதியை அவரே சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய குரல் என்பதால் வாசிக்கிற வேலையை அவரிடமே விட்டிருந்தார்கள். குளத்துப் பாசனத்தில் அவருக்கு வயலும் உண்டு. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தன்யாவும், மொபைல் கடை வைத்திருக்கும் சிவபிரசாத்தும் தவறாமல் வருவார்கள். சிவபிரசாத்தின் கேமராவுக்கு அவன் கடையைவிடப் பெரிய வாய். மற்றபடி வருகிறவர்கள் வருவார்கள், போகிறவர்கள் போவார்கள்.

டெல்சியின் கணவன் ஜெயசிங் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடை வைத்து வியாபாரம் செய்கிறவன். அவனுக்கு இந்த வட்டம் ஒரு வேடிக்கை. "கொளத்தங்கரையில இருந்துட்டு கொளத்தப் பத்திப் படிக்கிய. சாப்பாட்டுக் கடையில போயிருந்து சமையல் புக்கு வாசிச்ச மாதிரில்லா இருக்கு," என்பான். சொல்லிவிட்டு நாற்காலிகளைச் சுமந்துகொண்டுபோய்ப் போடுகிறவனும் அவன்தான்.

டெல்சிக்கு அந்தக் குளம் எப்படிப்பட்டது என்பது அவனுக்குத் தெரியும். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் அவள். அங்கே அவள் அறைச் சன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடத்து ஏசிப் பெட்டிகள்தான் தெரியும். அவை கொட்டுகிற தண்ணீர்தான் அவள் பார்த்த அருவி. வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது, நாகர்கோவிலில் சர்ச்சுக்குப் பக்கமாக வீடு வாங்கலாம் என்றான் ஜெயசிங். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "சன்னலத் திறந்தா வெள்ளம் தெரியணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்," என்றாள். இராஜாக்கமங்கலம் சாலையில் குளத்துத் தண்ணீர் தெரிகிற இந்த மனையைப் பார்த்து, அத்தனை வருஷத்துச் சம்பாத்தியத்தையும் போட்டு வீட்டைக் கட்டினார்கள். காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் சன்னலைத்தான் திறப்பாள். அந்தக் குளம் போனால் அந்த வீடு அவளுக்கு வெறும் சிமெண்டுதான்.

குளத்தைத் தாமரைக்குக் குத்தகை எடுத்திருந்தவன் சுயம்பு. தோவாளைப் பூச்சந்தைக்கு அவன் மொட்டுதான் போகும். விடிவதற்கு முன்னாலேயே லாரி டியூபின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு இலைகளுக்கு நடுவில் துழாவித் துழாவிப் பறிப்பான். நல்ல உழைப்பாளி, வாய்தான் நாறும். கரையின் முகப்பில் இரண்டு கல்தூண் நட்டு, குறுக்கே சங்கிலி கட்டிப் பூட்டு போட்டிருந்தான். மாடு குளிப்பாட்ட வந்தவன், மீன் பிடிக்க வந்தவன், வாசகர் வட்டம் என்று பாகுபாடு இல்லாமல் எல்லாருக்கும் அவனிடம் ஏச்சு கிடைக்கும். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சங்கிலியைத் தாண்டும்போதெல்லாம் டெல்சிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நீலக்கோழிக்குத் தாமரை மொட்டு என்றால் உயிர். அதைக் குதறிப் போடுகிற கோழியைக் கண்டால் சுயம்புவுக்கு வெறி. வெடி போட்டு விரட்டுவான். வெடிச்சத்தத்துக்கு வாசிப்பை நிறுத்த வேண்டும் என்று விதியில் இல்லை. ஆனாலும் நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனபோது நீலக்கோழிகள் செத்து மிதந்தன. சுயம்பு சோற்றில் பூச்சிமருந்து கலந்து இலைமேல் வைத்திருக்கிறான். டெல்சி தண்ணீரில் இறங்கி ஒன்றைக் கையில் எடுத்தாள். சிவந்த கால்கள் தொங்கின, கழுத்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியவள் அவள். அதைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். அன்றைக்கு யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. "இவன இனி இந்தக் கொளத்துல இருக்க விடமாட்டேன்," என்றாள்.

மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. தாமரையை எடுக்க வேண்டும், குத்தகையை ரத்து செய்ய வேண்டும், கரையை மறிக்கிற சங்கிலியை அறுக்க வேண்டும். இலை மூடிய தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது, வெளிச்சம் இல்லாத நீர் உயிரை வளர்க்காது என்று வெள்ளைக்காரியின் புத்தகத்திலேயே ஓர் அத்தியாயம் இருந்தது. அண்ணாச்சிக்கும் தாமரை ஆகாது. கிழங்கு விட்டு விட்டுக் குளம் மேடாகிறது என்று வயற்காரர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த சமயம். ஆகவே எல்லார் மனதும் ஒன்றாய் இருந்தது.

மனுவை டெல்சி எழுதினாள். இத்தனை நாள் நல்ல எழுத்தை வாசித்த கை சும்மா இருக்குமா? "வீரநாச்சிகுளம் இறந்துவிட்டது. நாங்கள் அமர்ந்து வாசிப்பது ஒரு குளத்தின் கரையில் அல்ல, ஒரு சடலத்தின் அருகில்," என்று தொடங்கினாள். அண்ணாச்சி தன் குரலில் அதை வாசித்தபோது சிவபிரசாத் கைதட்டினான். கைதட்டல் கேட்டு இரண்டு நாரைகள் எழும்பிப் போயின.

தன்யாவுக்கு மட்டும் ஏதோ இடறியது. "அக்கா, செத்துட்டுன்னு எழுதலாமா? பறவ வந்து வந்து நமக்கு இன்னும் பாதி புக்கு தாண்டல்லியே," என்றாள்.

"கொஞ்சம் அழுத்திச் சொன்னாத்தான் மக்கா ஆபீசர்மாருக்கு உறைக்கும்," என்றாள் டெல்சி.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெயசிங்கிடம் படித்துக் காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏட்டி, மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையா ஆயிரப்பிடாது, கேட்டியா," என்றான். கோழி செத்ததைப் பார்க்காதவனுக்கு அப்படித்தான் பேச வரும் என்று அவள் நினைத்தாள்.

மனு பலித்தது. பேப்பரில் செய்தியும் வந்தது. குத்தகை முடிந்ததும் மறுபடி ஏலம் விடவில்லை. தாமரையை வாரி எடுத்த கடைசி நாளன்று சுயம்பு டெல்சியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஏசப் போகிறான் என்று ஜெயசிங் எழுந்து வெளியே வந்தான். சுயம்பு ஏசவில்லை. "சிஸ்டரே, இன்னா சங்கிலிக்க சாவி. இனி நீங்க பாத்துக்கிடுங்க," என்று நீட்டினான்.

"சங்கிலியே வேண்டாம்னுல்லா மனு குடுத்தோம்," என்றாள் டெல்சி.

"சரி, அப்ப உங்க இஷ்டம்," என்று சாவியைத் திரும்பவும் மடியில் செருகிக்கொண்டு போனான். மறுநாள் தூணில் சங்கிலி இல்லை.

அந்த மழைக்காலம்தான் டெல்சி அந்த வீட்டில் வாழ்ந்த காலம். குளம் முழுக்கத் திறந்த நீர். வானம் அப்படியே இறங்கிக் கிடந்தது. எங்கிருந்தோ வாத்துகள் கூட்டங்கூட்டமாய் வந்தன. இலைக்கோழியைத்தான் காணவில்லை, அதற்கு நடக்க இலை இல்லை. அதை யாரும் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு வட்டத்துக்கு டெல்சி முந்திரிக்கொத்து செய்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு வாசித்தது அரைப்பக்கம்கூட இல்லை. அண்ணாச்சி புத்தகத்தைத் திறந்து மடியில் கவிழ்த்து வைத்தவர்தான், இருட்டுகிற வரைக்கும் நிமிர்த்தவில்லை.

மழை ஓய்ந்து வெயில் ஏறியபோது, ஒருநாள் காலையில் சன்னலைத் திறந்தால் கரையில் ஒரு டிப்பர் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் தூக்கி, எங்கேயோ இடித்த வீட்டின் செங்கல்லும் காரையும் செம்மண்ணுமாய்க் குளத்துக்குள் கவிழ்த்தது. கிடந்த துண்டை எடுத்து நைட்டியின்மேல் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"ஆருட்ட கேட்டுத் தட்டுறிய?" என்று மறித்தாள்.

டிரைவர் நல்ல பையன்தான், மரியாதையாகவே சொன்னான். "ஆருட்ட கேக்கணும்க்கா? முந்தி சங்கிலி கெடந்துது, வரமாட்டோம். இப்பம் தொறந்துல்லா கெடக்கு."

புகார் கொடுத்தார்கள். வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெயசிங் இரண்டு தூணுக்கும் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினான். அறுத்துவிட்டார்கள். மறுபடி கட்டினான், தூணோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். மண் மேடு மூலையிலிருந்து முன்னுக்கு வந்துகொண்டே இருந்தது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த இடத்தில் சந்தையும் பஸ் நிலையமும் கட்டத் திட்டம் தயாராகிவிட்டதாம்.

வாசகர் வட்டமாகவே, மனு கொடுத்த அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி வெளியூர்க்காரர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். ஃபைலைப் புரட்டினார்.

"மேடம், குத்தகை இல்ல, வருமானம் இல்ல, தண்ணி கேட்டு யாரும் வரல. அதுக்கு மேல நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே," என்று அந்தப் பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பினார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ரிப்போர்ட்ல அப்படியே சேர்த்திருக்கோம்."

குளம் இறந்துவிட்டது என்ற வரியின் அடியில் யாரோ பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். எத்தனை முறை அடித்துத் திருத்தி எழுதிய வரி அது. டெல்சிக்குக் காதில் அண்ணாச்சியின் குரலும் சிவபிரசாத்தின் கைதட்டலும் கேட்டன.

அண்ணாச்சி எழுந்தார். "எனக்க வயலுக்கு வெள்ளம் இதிலேருந்துதானய்யா பாயணும்," என்றார்.

"எவ்வளவு வயல் இருக்குங்க இப்போ?"

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். மகளின் கல்யாணத்துக்குப் பாதியை மனையாக விற்றிருந்தார். மீதியில் வாழை நின்றது. அதிகாரி அவரை விட்டுவிட்டு டெல்சியைப் பார்த்தார். குத்திக் காட்டுகிற தொனி இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"மேடம் வீடே பழைய ரெக்கார்டுல வயல்னுதாங்க இருக்கு."

வெளியே வந்து புங்க மரத்தடியில் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இனி ஒரே வழிதான் இருக்கிறது என்றாள் டெல்சி. சுயம்புவைக் கெஞ்ச வேண்டும். அவன் குத்தகை கேட்டு எழுதிக் கொடுத்தால், வருமானம் வருகிற குளம் என்று ஆகும். சங்கிலியையும் அவன் வந்து கட்டட்டும், தாமரையை வைக்கட்டும், வாய்க்கு வந்தபடி ஏசட்டும். செத்த கோழியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவள்தான் இதைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஜெயசிங் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். சுயம்பு வீட்டு முற்றத்தில் ஒரு டிப்பர் நின்றது. அதைப் பார்த்ததும் ஜெயசிங் வண்டியைத் திருப்பப் பார்த்தான். டெல்சி இறங்கிவிட்டாள்.

சுயம்பு நாற்காலி எடுத்துப் போட்டான். அவன் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டெல்சி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் குறுக்கே பேசவில்லை.

"தப்பு எங்க மேலதான்," என்றாள். "நீங்க வந்து எழுதிக் குடுத்தா மட்டும் போரும். மற்றது நாங்க பாத்துக்கிடுவோம்."

"கிழங்கெல்லாம் வாரிக் குடுத்தாச்சு சிஸ்டரே. வண்டிக்கு லோன் போட்டாச்சு. இனி நான் எழுதிக் குடுத்தா காண்ட்ராக்டர் எனக்கு மண்ணடிக்க லோடு தருவானா?" என்றான் சுயம்பு. பிறகு கொஞ்ச நேரம் காப்பியை ஊதினான். "நான் நல்லவன்னு சொல்லல்ல. மருந்து வச்சது நாந்தான். கோழி எனக்க பூவத் தின்னுச்சு, நான் கோழியக் கொன்னேன். பாவந்தான். ஆனா நான் கெடந்தது வர அந்தக் கொளத்துல ஒரு சட்டி மண்ணு விழுந்துச்சா, நீங்களே சொல்லுங்க."

விழவில்லைதான்.

"இந்த வண்டியும் அங்கதான் தட்டுதா?" என்று ஜெயசிங் கேட்டான்.

"நான் தட்டாட்டா வேற ஒருத்தன் தட்டுவான், அண்ணே," என்றான் சுயம்பு. அவன் அதைத் தலைகுனிந்துகொண்டுதான் சொன்னான். காப்பி நன்றாக இருந்தது என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். வழியில் ஜெயசிங் மூட்டைப்பூச்சிக் கதையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

வழக்குப் போடலாம் என்று தன்யா யாரையோ பார்த்தாள். வழக்குக்கு எண் விழுவதற்குள் குளத்துக்குள் ரோடு ரோலர் இறங்கிவிட்டது. புன்னை மரத்தை ஒரு முற்பகலில் வெட்டிச் சாய்த்தார்கள். மறுகாலை மூடினார்கள். டெல்சி சன்னலைத் திறப்பதை விட்டுவிட்டாள். தூசி வருகிறது என்று கேட்கிறவர்களிடம் சொன்னாள்.

அடுத்த இரண்டாம் ஞாயிறு வந்தது. கூடலாமா வேண்டாமா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் சாயங்காலம் அண்ணாச்சியும் தன்யாவும் சிவபிரசாத்தும் வந்துவிட்டார்கள். சிவபிரசாத் கேமரா கொண்டுவரவில்லை. உட்காரக் கரை இல்லை என்பதால் டெல்சியின் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்தார்கள். புழுக்கமாக இருக்கிறது என்று தன்யா சன்னலைத் திறந்தாள். அங்கே செம்மண் சமதளமாய்க் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வண்டிகளும் ஓடவில்லை.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடையாள நூல் கிடந்த இடத்தில் திறந்தார். புத்தகத்தில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்தது. வாசிக்கத் தொடங்கினார். ஒரு பத்தி முடிந்ததும் பழக்கத்தில் தலையைத் தூக்கிச் சன்னலைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். மறுபடி குனிந்து அடுத்த பத்திக்குப் போனார்.

வெள்ளைக்காரியின் சதுப்பு நிலத்தில் பனி உருகியது. தண்ணீர் திரும்பியது. வாத்துகள் வந்தன, போயின, மறுபடி வந்தன. அண்ணாச்சியின் குரல் தேவாரம் மாதிரி ஏறி இறங்கி ஓடிக்கொண்டே இருந்தது. ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது. இத்தனை சரளமான புத்தகம் இது என்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓர் இடத்தில் டெல்சிக்கு எழுந்து, போதும் அண்ணாச்சி, நிறுத்துங்க என்று சொல்லத் தோன்றியது. எதற்காக நிறுத்தச் சொல்வது? வட்டத்துக்கு இருந்தது ஒரே விதி. அந்த விதிப்படி நிறுத்துவதற்கு அங்கே எதுவும் வரவில்லை. இருட்டியபோது தன்யா எழுந்து விளக்கைப் போட்டாள், வாசிப்பு அதற்கும் நிற்கவில்லை.

கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டு அண்ணாச்சி புத்தகத்தை மூடினார். அட்டையின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

கடையை அடைத்துவிட்டு வந்த ஜெயசிங் அடுக்களையில் டீ போட்டு, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான். மூடியிருந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியளா?" என்று கேட்டுவிட்டான்.

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தட்டைப் பிடித்தபடியே நின்றான். டெல்சி போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்து, டீயை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.